குறிப்பலகைக்குக் கீழே

என் மனைவிக்குத் துவக்கு லைசென்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டு ஒருநாள் பொலிஸ் என்னைத்தான் போனில் பிடித்தது. ரொறன்ரோவுக்குக் கிட்டப் பிறம்ரனில் வெயாஹவுஸ் வேலை முடித்து வந்து, சோற்றுக் கோப்பையோடு நான் குந்தியிருந்த நேரம். அவளுக்குக் கோபம் வருமா, கை நீட்டுவாளா, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று அந்த மனிதன் மரியாதையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். கோபமெல்லாம் எனக்குத்தான் வரும், அவளுக்கு வராது என்று உள்ளதைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் இந்தக் கோதாரி வீட்டுக்குள் வந்திருக்காதே என்று. என்ன செய்ய, செலீனைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

அவள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மெசின் சொப்பில் வேலை செய்தாள். முதலாளி எய்னோ ஒரு பின்லாந்துக்காரன். பகலில் விமானங்களுக்கு வேண்டிய உருக்குத் துண்டுகள் செய்வான், பின்னேரம் துவக்குச் செய்வான். கடையில் வாங்குகிற துவக்கு அல்ல. ஒருவருடைய தோள், கழுத்து, கை நீளம் எல்லாம் அளந்து, தையல்காரன் சட்டை தைப்பது போல அந்த ஒருவருக்கென்றே செய்கிற துவக்கு. குழலின் உட்புறத்தை மினுக்குகிற வேலையைச் செலீனிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறான். கை நடுங்காத மனிசி என்று கண்டு, ஒரு சனிக்கிழமை சுடுகிற இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். இவள் படுத்து நாலைந்து வெடி வைத்தாளாம். திங்கட்கிழமை காலையில் அளவுநாடாவோடு வந்து இவளுடைய கையை அளக்கத் தொடங்கிவிட்டான்.

அந்த மாரி முழுக்க அவர்கள் இரண்டு பேரும் அதைச் செய்தார்கள். ஒருநாள் செலீன் குழலை மட்டும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இஞ்ச வாங்கோ, இதுக்குள்ளால ஜன்னலைப் பாருங்கோ."

"எனக்கு வேண்டாம்."

"இது வெறும் குழாய்தானே. கடிக்காது, பாருங்கோ."

பார்த்தேன். உள்ளே வெளிச்சம் சுழன்று சுழன்று போனது. மெல்லிய வரிகள் ஒன்றையொன்று தொடாமல் கடைசி வரைக்கும் சுற்றிச் சுற்றி ஓடி, அந்தப் பக்கம் ஒரு சின்ன வட்டமாக வானத்தைப் பிடித்து வைத்திருந்தன. மனிதக் கையால் இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்று மலைத்துப் போனேன். அதை அவளுக்குக் காட்டிவிடுவேனா? "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரீவியைப் போட்டேன்.

முழுத்துவக்கு வீட்டுக்கு வந்தபோது அதைப் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டியும் வந்தது. பெட்டி எங்கள் அறையில் உடுப்புக் கொழுவுகிற குளோசெற்றுக்குள் போனது. அதே நாள் நான் என் சேட்டுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், வாசலில் குளிர் ஜக்கெற் கொழுவுகிற இடத்தில் கொழுவினேன். செலீன் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் நான் வெறும் மேலோடு வாசலுக்கு நடந்து போய்த்தான் சேட்டுப் போட்டேன்.

மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பேர்ணடெற் அன்ரி விடமாட்டா. "அருள், உம்மட மனிசி இயக்கத்தில சேந்திட்டாவாம், மெய்யோ?" என்பா. "ஓம் அன்ரி, முதல் அற்றாக் உங்கட வீட்டுக்குத்தான், கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கோ" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சேட்டை வாசலில்தான் கழற்றிக் கொழுவுவேன்.

ஏன் என்று சொல்லத்தான் வேண்டும். எண்பத்தேழில், யாழ்ப்பாணத்தில், எங்கள் வளவுக்குள் ஒரு பங்கர் வெட்டி வைத்திருந்தோம். ஹெலி வந்தபோது நான் கிணற்றடியில் விறைத்துப் போய் நின்றேன். என் அண்ணை யேசுரட்ணம்தான் ஓடிவந்து, "உள்ளுக்கை இருந்தா ஒண்டும் நடக்காது, வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என்னை உள்ளே தள்ளிவிட்டு அவர் வாசல் பக்கம் இருந்தார். ஹெலியில் இருந்து சுட்ட சன்னம் மேலே போட்டிருந்த பனங்குற்றிகளுக்கு நடுவால் வந்தது. சன்னம் முதல் வரும், துவக்குச் சத்தம் பிறகுதான் வரும். சத்தம் உன் காதில் விழுந்தால் நீ தப்பிவிட்டாய் என்று அர்த்தம், அந்த நாளில் எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குச் சத்தம் கேட்டது. அண்ணைக்குக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு நான் நிலத்துக்குக் கீழே போனதில்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லாரும் பேஸ்மென்றில்தான் இருந்தார்கள். நான் மட்டும் தலைகீழாக நின்று, வாடகை எவ்வளவு என்றாலும் பரவாயில்லை என்று ஒன்பதாம் மாடியில் வீடு எடுத்தேன். விசரன் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அதே துவக்கைத்தான் செலீன் கார்த்திகையில் மான் வேட்டைக்கும் கொண்டுபோனாள். எய்னோவும் அவன் மனைவியும் இவளும் போவார்கள். முதல் வருடம் இறைச்சியோடு வந்தாள். துவக்கைத் திட்டித் திட்டியே நான் மிளகுத்தூள் போட்டுக் கறி வைத்தேன், வன்னியில் செய்கிற மாதிரி மிச்ச இறைச்சியைக் காயவைத்து வத்தலும் போட்டேன், சட்டி வழித்துச் சாப்பிட்டேன். அடுத்த வருடம் வெறுங்கையோடு வந்தாள். நல்ல கிடாய் ஒன்று முன்னால் வந்து நின்றதாம். பின்னால் பற்றைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால், அது போகும் வரைக்கும் விரலை விசையில் வைக்காமலே படுத்திருந்தாளாம்.

"மானைக் கும்பிட்டு வழியனுப்பிப்போட்டு வந்தனீரோ?" என்று கேட்டேன்.

"நிச்சயமில்லாட்டி விரல் வைக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். அவளோடு சண்டை பிடிக்கக்கூட ஒரு பிடி கிடைக்காது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடை முழுக்க அவள் ஒரே தவமாக இருந்தாள். புரட்டாதியில் குறிபார்த்துச் சுடுகிற போட்டி ஒன்று. ஒன்ராறியோ அணியில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது, அந்தப் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு அந்த இடம். வாயால் ஆசை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போதும் மூச்சை இழுத்து, பாதியை விட்டு, நிறுத்தி வைத்திருப்பாள். நித்திரையிலும் அப்படித்தான். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு, இவள் எப்போது மிச்ச மூச்சை விடுவாள் என்று காத்திருந்து நித்திரை போய்விடும்.

போட்டிக்கு முதல்நாள் எய்னோவின் மனைவி படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். போட்டியை நடத்துகிற கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுடுகிற ஒவ்வொருவரும் தன்னோடு ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். அந்த ஆள் தூரத்தில் சுடுவதற்கென்று நிறுத்திய குறிப்பலகைகளுக்குக் கீழே வெட்டியிருக்கிற பள்ளத்துக்குள் இருந்து, ஒவ்வொரு வெடிக்கும் பலகையை இறக்கி, ஓட்டையைக் காட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுட முடியாது. செலீனுக்காக அதுவரை பள்ளத்தில் இருந்தவள் எய்னோவின் மனைவிதான்.

செலீன் போனில் கதைத்து முடித்துவிட்டு, கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பையைப் பிரித்துச் சாமான்களைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறீர்?"

"நான் நாளைக்குப் போகேல்லை."

"ஏன், வேற ஆள் கிடைக்காதோ?"

"இந்த நேரம் ஆரைக் கேக்கிறது?"

"இஞ்ச ஒருத்தன் மரம் மாதிரி இருக்கிறன். என்னைக் கேட்டனீரோ?"

அவள் என்னைப் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஏலாது, அப்பா. விடுங்கோ" என்றாள்.

"ஆருக்கு ஏலாது? எனக்கோ?" என்று கத்தினேன். "நாளைக்கு வாறன். பள்ளமாவது படுகுழியாவது. பையைக் கட்டும்!"

கத்திவிட்டேன். பிறகு விடிய விடியக் கால் குளிர்ந்துபோய்க் கிடந்தேன். வீரத்தில் போகவில்லை, கோபத்தில்தான் போனேன்.

நானூறாம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், சோளவயல்களெல்லாம் தாண்டி இருந்தது அந்த இடம். ஒரு பக்கம் சுடுகிறவர்கள் பாய் விரித்துப் படுக்கிற புல்மேடு. அங்கிருந்து பார்த்தால் அறுநூறு மீற்றருக்கு அப்பால் வெள்ளைப் பலகைகள் தபால் முத்திரை போலச் சின்னதாகத் தெரிந்தன. நடுவில் சிவப்புக் கொடிகள் காற்றைக் காட்டின. பள்ளத்துக்குப் போகிறவர்களை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். எந்தப் பலகைக்கு யார் சுடுவது என்று நாங்கள் போன பிறகுதான் சீட்டெடுப்பார்களாம். பள்ளத்தில் இருப்பவருக்குத் தன் பலகைக்கு யார் சுடுகிறார் என்று கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. யாருக்கும் யாரும் களவாக உதவாமல் இருக்க அப்படி ஓர் ஒழுங்கு.

செலீன் வான் கண்ணாடிக்குக் கிட்ட வந்தாள். "ஏலாட்டி வெளியில வந்திடுங்கோ. நான் கோவிக்கமாட்டன்" என்றாள்.

"நீர் போய் உம்மட அலுவலைப் பாரும்."

பள்ளம் கொங்கிறீற்றால் கட்டியது. சுடுகிற பக்கம் தடித்த சுவரும் அதற்கு முன்னால் மண் அணையும். மற்றப் பக்கம், பலகைகளுக்குப் பின்னால், சன்னத்தை வாங்குகிற பெரிய மணல்மேடு. படியில் இறங்க முதல் சிலுவை போட்டேன். ஈர மண் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணம் போதும், திரும்பி மேலே ஏறப் பார்த்தேன். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள், வேறு வழியில்லாமல் இறங்கினேன்.

எனக்குக் கிடைத்தது ஆறாம் பலகை. புதிய ஆள் என்று எனக்குத் துணையாகக் கழகம் விட்டவள் மார்கிறெற் என்று தபால்கந்தோரில் இருந்து இளைப்பாறிய ஒரு வெள்ளைக்காரப் பெண். வாங்கில் உட்கார்ந்ததும் பையிலிருந்து நூலும் ஊசியும் எடுத்துக் காலுறை பின்னத் தொடங்கினாள். பள்ளத்துக்குப் பொறுப்பான நெட்டை மனிதன் ஒருவன் கையில் வோக்கிடோக்கியோடு நடந்து திரிந்தான்.

முதல் வெடி வந்தது. சடார் என்று தலைக்கு மேல் காற்று கிழிந்தது. நான் நிலத்தில். எப்படி விழுந்தேன் என்று தெரியாது, முகம் மண்ணில், கை இரண்டும் பிடரியில். பிறகு தூரத்தில் டும் என்று துவக்குச் சத்தம் ஆறுதலாக வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டுவிட்டது, தப்பிவிட்டேன். மெல்லக் கண்ணைத் திறந்தால் மார்கிறெற்றின் சப்பாத்து தெரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. தானும் முதல்நாள் இப்படித்தான் விழுந்ததாக அவளுடைய பாஷையில் சொன்னாள். பொய்தான், என்றாலும் நல்ல பொய். என் கையைப் பிடித்துத் தூக்கி விட்டு, வா, உனக்கு ஒன்று காட்டுகிறேன் என்று பலகையை இழுத்து இறக்கினாள்.

கறுப்பு வட்டத்துக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. சின்னி விரலும் நுழையாத ஓட்டை. விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். நான் தொட்டுப் பார்த்தேன். வெறும் கடதாசி. ஊரில் நான் பார்த்த ஓட்டைகள் சுவரில், தகரத்தில், அண்ணையின் கழுத்தடியில். இங்கே சன்னம் வந்த தூரமெல்லாம் வந்தது இந்தக் கடதாசிக்காக மட்டும்தான் என்பதை என் மண்டை நம்ப மறுத்தது.

வேலை இதுதான்: தோடம்பழம் போலச் செம்மஞ்சள் நிறத்தில் பிஸ்கற் அளவில் ஒரு தட்டு இருக்கும், அதன் நடுவில் ஒரு முளை. கடைசியாக வந்த ஓட்டைக்குள் அந்த முளையைச் செருகிப் பலகையை உயர்த்தினால், சுட்டவர் தன் வெடி எங்கே பட்டதென்று தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். அடுத்த வெடி வந்ததும் இறக்கி, பழைய ஓட்டையை ஒட்டி மறைத்து, தட்டைப் புதிய ஓட்டையில் செருக வேண்டும். என் கை நடுங்கிய நடுக்கத்தில் இரண்டு தரம் தட்டு கழன்று கீழே விழுந்தது. மார்கிறெற் எடுத்துத் தந்தாள்.

ஒவ்வொரு வெடிக்கும் விழுந்தேன். பிறகு விழாமல் குந்தினேன். பிறகு குந்தினாலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். என்னைத் திறக்க வைத்தது அந்தப் பலகைதான். மற்றப் பலகைகளில் ஓட்டைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. எங்கள் பலகையில் ஒட்டிய ஒட்டுகள் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி, ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடிவிடக் கூடிய இடத்துக்குள் நெருக்கிக்கொண்டு நின்றன. அறுநூறு மீற்றர்! எங்கள் வீட்டில் இருந்து சந்தியைத் தாண்டிக் கோவில் மதில் வரைக்கும் வரும். அங்கிருந்து ஒருவர் வயிற்றில் படுத்துக்கொண்டு கோப்பைக்குள் போடுகிறார், திரும்பவும் போடுகிறார், திரும்பவும் அங்கேயே போடுகிறார். என் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாதாவே, இதென்ன கண், இதென்ன கை என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு காற்றுத் தொடங்கியது. பள்ளத்துக்கு மேலால் மணல் பறந்தது. பக்கத்துப் பலகைகளில் ஓட்டைகள் கறுப்பு வட்டத்தை விட்டு வெளியே ஓடின, ஆட்கள் அவசரப்பட்டு வெடி வைப்பது சத்தத்திலேயே தெரிந்தது. எங்கள் ஆள் மட்டும் சுடவில்லை. மார்கிறெற் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். இது வேட்டைக்குப் போகிற ஆள், சுடாமல் இருக்கத் தெரிந்த ஆள் என்றாள். எனக்கு உடனே ஒரு பெரிய தாடிக்காரன் மனதில் வந்தான், காட்டெருமை போல உடம்பும் நீலக் கண்ணுமாக. காற்று அடங்கியது. சடார். இறக்கிப் பார்த்தால் நட்டநடு.

நான் அந்தத் தாடிக்காரனோடு சேர்ந்து மூச்சுப் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். அவன் காத்திருந்தால் நானும் காத்திருந்தேன். நடுவில்தான் செலீனின் நினைவு வந்து சுருக்கென்று குத்தியது. இருப்பதோ ஓர் இடம். இந்த மனிதன் இப்படிச் சுட்டால் அவள் என்ன செய்வாள் பாவம்? அவளுடைய இடத்தைப் பறிக்கிறவனுக்கல்லவா நான் இங்கே இருந்து மாலை போடுகிறேன்! வெட்கமாக இருந்தது. என்றாலும் அடுத்த வெடிக்கு என் கண் தானாகவே மேலே போய்விட்டது.

கடைசி வெடிதான் மிச்சம். நெட்டை மனிதன் நடந்து வரும்போது மார்கிறெற் விசாரித்தாள். எங்கள் பலகையும் மூன்றாம் பலகையும்தான் முன்னுக்கு நிற்கின்றன, மூன்றாம் பலகை சுட்டு முடித்துவிட்டது, இந்த வெடி நடுவில் பட்டால் இவருக்கு, படாவிட்டால் அவருக்கு என்றான். மூன்றாம் பலகை செலீனாக இருக்கலாம் என்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

காற்று மறுபடியும் எழும்பியது. அவன் காத்திருந்தான். ஊசிகள் நின்றன. எனக்கு மூச்சு முட்டியது. சடார் என்று தலைக்கு மேல் போனது, பிறகு டும்.

இறக்கினோம். பலகையில் புதிதாக ஓட்டை இல்லை. தட்டையும் காணவில்லை.

மார்கிறெற் கடதாசியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். நெட்டை மனிதன் வந்து மூக்கை வைத்துப் பார்த்தான். பழைய ஓட்டை இருக்கிறது, புதிய ஓட்டை இல்லை, தட்டு கழன்று விழுந்திருக்கிறது, அது முதலும் இரண்டு தரம் விழுந்தது தானே என்று என்னைப் பார்த்தான். பிறகு வோக்கிடோக்கியில், ஆறாம் பலகை, வெடி படவில்லை என்று சொல்லிவிட்டான்.

நான் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷம் வந்தது. செலீனுக்குக் கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருடா அருள்நாயகம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் என் காது விடவில்லை. இடத்தாலும் போகவில்லை, வலத்தாலும் போகவில்லை, அந்தச் சன்னம் நேரே எங்கள் பலகைக்குள்ளால்தான் போனது. இப்படிச் சுட்ட ஒருவனுக்கு முட்டை போடுவதா? அது பாவம். சுட்டவன் எந்தச் சாதியோ எந்த ஊரோ, அந்தக் கைக்குச் செய்கிற அநியாயம்.

"தட்டு! தட்டைப் பாக்க வேணும்!" என்று தமிழில் கத்திவிட்டுப் பிறகு இங்கிலிஷில் கத்தினேன். நெட்டை மனிதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, சுருக்காகப் பார் என்றான்.

பலகைச் சட்டம் இறங்குகிற குழி பள்ளத்தை விடவும் ஆழம், முழங்கால் அளவுக்குச் சேறு. நான் நாலுகாலில் இறங்கினேன். கையை விட்டுத் துழாவினேன். பழைய ஆணி, மரச் சிராய், ஈயத்துண்டு எல்லாம் கையில் பட்டன. முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு அடியில் கையை நீட்டினேன். அப்போதுதான் உணர்ந்தேன், மற்றப் பலகைகளுக்கு இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். சடார் சடார் என்று என் தலைக்கு மேல் சன்னம் போய்க்கொண்டிருக்கிறது, நான் பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளத்தில் படுத்திருக்கிறேன், என் கை நடுங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் டும், டும் என்று சத்தம் வந்து சேர்ந்தது. அண்ணை, எனக்குக் கேக்குது என்று சொல்லிக்கொண்டே துழாவினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சேறோ என்னவோ.

விரலில் வட்டமாக ஒன்று தட்டியது. சேற்றுக்குள்ளேயே தடவிப் பார்த்தேன். தட்டுத்தான். நடுவில் முளை இல்லை. முளை இருந்த இடத்தில் சுத்தமான ஓர் ஓட்டை.

யாருக்கும் தெரியாது. கையை எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். செலீன் கோடை முழுக்கப் பிடித்த மூச்செல்லாம் அந்த விரலுக்கு முன்னால் வந்து நின்றது. மூன்றாம் பலகை அவளாக இருந்தால் நான் என் கையாலேயே அவளுடைய இடத்தைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுக்கிறேன். ஒரு நிமிடம் அப்படியே கிடந்தேன். பிறகு நினைத்தேன், களவாகக் கிடைத்த இடம் என்று தெரிந்தால் அவள் என் முகத்திலும் முழிக்கமாட்டாள், நிச்சயமில்லாமல் விரலும் வைக்காதவள். தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

நெட்டை மனிதன் அதை வாங்கி, கால்சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டையின் விளிம்பில் அதே சாம்பல் வளையம். பலகையில் இருந்த பழைய ஓட்டைக்கு மேல் வைத்தான், அச்சாகப் பொருந்தியது. சன்னம் போன முறை நட்டநடுவால் போன அதே ஓட்டைக்குள்ளால், அதை அடைத்துக்கொண்டு நின்ற முளையை இடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவன் தொப்பியைக் கழற்றினான். மார்கிறெற் நூலைக் கீழே போட்டுவிட்டாள். பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் எழும்பி வந்து பார்த்தார்கள். எனக்கு, கோவிலில் நற்கருணை தூக்கும்போது வருமே, அந்த மாதிரித் தலை தானாகவே குனிந்தது.

ஆறாம் பலகை, நடுப்புள்ளி என்று அவன் திரும்ப வோக்கிடோக்கியில் சொன்னான். தட்டை என் கையில் தந்து, சுட்டவரிடம் நீயே கொடு என்றான்.

சுடுவது எல்லாம் நின்றதும், வானுக்குக் காத்திராமல் நான் புல்வெளியால் நடந்தே போனேன். தாடிக்காரனின் கையை ஒருதரம் பிடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. செலீனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று வேறு யோசித்துக்கொண்டு போனேன். கிட்டப் போகப் போக மேட்டில் ஆட்கள் எழும்பிப் பாய்களைச் சுருட்டுவது தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் முன்னால் நிலத்தில் இலக்கம் குத்தியிருந்தது. நாலு, ஐந்து, ஆறு.

ஆறுக்குப் பின்னால் என் பழைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு செலீன் குந்தியிருந்தாள். துவக்கைத் துணியால் மூடிவிட்டு, மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் எய்னோ நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோப்பை, அந்தக் காத்திருப்பு, அந்த ஓட்டை எல்லாம் இவள். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பாதி மூச்சு விடுகிறவள். சேற்றுக்குள் நான் அந்த ஒரு நிமிடம் கிடந்தது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் வேர்த்தது. அவளுக்காக என்று நினைத்துக் கையை வெறுமையாக எடுத்திருந்தால், அவளை அல்லவா முடித்திருப்பேன்!

அவள் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். "படேல்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள். நான் துவக்கையும் மூடிட்டன், முடிஞ்சுது எண்டு. பேந்து பட்டிட்டுது எண்டு சொல்லுறாங்கள். கீழ ஆரோ ஒரு நல்ல மனிசன் சேத்துக்குள்ள தேடி எடுத்ததாம்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் என் கோலத்தைப் பார்த்தாள். நெஞ்சு, முழங்கால், முகம், தலைமயிர் வரைக்கும் சேறு. அவளுடைய முகம் வாடிப்போனது. தொப்பியைக் கழற்றி என் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஐயோ, விழுந்து படுத்தனீங்களோ?" என்று மெல்லக் கேட்டாள். "நான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாது."

"ஓம், விழுந்துதான் படுத்தனான்" என்றேன்.

சேட்டுப் பைக்குள் இருந்து தட்டை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் இருந்த ஓட்டையைப் பெருவிரலால் தடவினாள். எய்னோவும் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ பின்லாந்துப் பாஷையில் சொன்னான்.

"இது... இதை ஆர் எடுத்தது?" என்றாள்.

"விழுந்து படுத்தவன்தான்."

அத்தனை வெள்ளைக்காரருக்கு முன்னால், சேறென்றும் பார்க்காமல், அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கோடை முழுக்கப் பிடித்து வைத்திருந்த மிச்ச மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. எனக்கும் அழுகை வந்தது, அழுதால் பேர்ணடெற் அன்ரி வரைக்கும் கதை போகும் என்று அடக்கிக்கொண்டேன்.

"சரி, சரி, காணும்" என்றேன். "வீட்ட போனவுடன என்ர சேட்டுகளை அறைக்குள்ள கொழுவ வேணும். பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வையும்."